நேராக ஒட்டிய ஸ்டிக்கர்

பழைய கணினியைத் தேற்ற நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கிராபிக்ஸ் கார்டு வாங்கத்தான் ஓடுவார்கள். அது தவறு. முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். பெட்டிக்குள் என்ன போட்டாலும் அதற்குச் சோறு போடுவது பவர் சப்ளை. பவர் சப்ளைக்குச் சோறு போடுவது வீட்டு லைன். லைன் போனால் இன்வெர்ட்டர். இந்த வரிசை புரிந்தவன் குறைந்த காசில் நல்ல கணினி வைத்திருப்பான். புரியாதவன் காசைக் கொட்டிவிட்டு, மழை தூறியதும் கறுத்த மானிட்டரில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நேற்று ஸ்டேஷனில் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "சரஸ்வதியம்மாளுக்கும் உனக்கும் என்ன பகை?" பகை எதுவும் இல்லை, சார். அவருடைய சாவும் இந்த வரிசையில்தான் வருகிறது. அதனால் வரிசையாகவே எழுதுகிறேன்.

தமிழிலேயே எழுதலாம், மலையாளத்தில் மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார் என்றீர்கள். அந்த ஆள் நேற்று என் பெயரையே இரண்டு விதமாக எழுதினார். அவருக்காகச் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறேன்.

பெயர் கௌசிக். வயது இருபத்தாறு. ஊர் நல்லேப்பிள்ளி. அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் நெல் வயல். எஞ்சினியரிங்கை மூன்றாம் ஆண்டில் விட்டேன். பிறகு கோயம்புத்தூரில் ராத்திரி ஷிப்ட் வேலை. அமெரிக்காவில் யாரோ ஆஸ்பத்திரிக்குப் போன பில் வரும். அதில் எதற்கெல்லாம் இன்சூரன்ஸ்காரன் பணம் தர வேண்டியதில்லை என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். சக்கர நாற்காலி, கட்டில், சுவாச மெஷின் எல்லாம் வரும். 'அவசியம் நிரூபிக்கப்படவில்லை' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்துவதில் எங்கள் குழுவிலேயே நான்தான் வேகம். பதினான்கு மாதம் அழுத்திவிட்டு அந்த வேலையையும் விட்டேன். மனசாட்சி காரணமில்லை. பகலில் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஊரில் இதற்கு எனக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவர் பக்கத்து வீட்டுக் காளிச்சாமி மாமா, சரஸ்வதியத்தையின் கணவர். டீக்கடையில் என்னைப் பார்த்தால், "வாங்க அரைக்கிணறு," என்பார். கிணறு வெட்ட ஆரம்பித்துப் பாதியில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தவன் என்று அர்த்தம்.

"காலேஜு பாதி, வேலை பாதி. டீயாச்சும் முழுசாக் குடிப்பியா கண்ணு, இல்ல அதையும் பாதியில உட்டுப்போட்டுப் போயிருவியா?"

பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். டீயை முழுசாகவே குடிப்பேன்.

இனி கணினி. அது நான் கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா வாங்கிக் கொடுத்தது. ஆறாம் தலைமுறை பிராசசர், எட்டு ஜிபி ராம், அரைத் தூக்கத்தில் ஓடும் ஒரு ஹார்டு டிஸ்க். நான் ஆடுவது ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் துப்பாக்கி விளையாட்டு. அதில் எதிரி மூலையைத் திரும்பி என்னைச் சுட்டு, நான் விழுந்து, அவன் அடுத்த ஆளைத் தேடிப் போன பிறகுதான் அவன் திரும்புவதே என் திரையில் தெரியும். வேலையை விட்டபோது கையில் பதினெட்டாயிரம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறைக்குப் போனேன். அங்கே ஷஹீர் பாய் பழைய கணினிச் சாமான் கடை வைத்திருக்கிறார்.

ஒரு கார்டைக் காட்டினார். அதில் படிந்திருந்த தூசியே கால் கிலோ இருக்கும்.

"இது பிட்காயின் தோண்டுறதுக்கு ராப்பகலா ஓடுன கார்டா பாய்?"

"தோண்டுச்சா உழுதுச்சான்னு எனக்கெப்படித் தெரியும் தம்பி. நம்மகிட்ட வர்றதெல்லாம் ஓடிக் களைச்சதுதான். களைக்காதது வேணும்னா கோயம்புத்தூருக்கு பஸ் ஏறு."

"வாரண்டி?"

"ஆறு மாசம். வாயால."

கார்டை வாங்கினேன். கூடவே நல்ல பவர் சப்ளை ஒன்றையும் என் தலையில் கட்டினார். "கார்டைப் பெருசா வெச்சுட்டு இதை மட்டமா வெச்சா ஒரு நாள் டப்புன்னு போகும். அப்புறம் ஷஹீர் ஏமாத்திட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவே. ஆமா, வீட்டுல கரண்டு எப்படி?"

"போயிட்டுப் போயிட்டு வரும்."

"பேட்டரி?"

"ஆறு வருசப் பழசு."

"அப்ப மொதல்ல பேட்டரியப் பாரு தம்பி. இந்த டப்பாவெல்லாம் அப்புறம்."

ஆக, பேட்டரி என்ற யோசனை முதலில் என்னுடையதல்ல. ஷஹீர் பாயை இதில் இழுப்பதாக நினைக்க வேண்டாம். நல்ல மனிதர். உண்மையைச் சொன்னார். நான்தான் கேட்டுக்கொண்டேன்.

கார்டும் பவர் சப்ளையும் சேர்ந்து பதினெட்டாயிரத்தையும் தின்றுவிட்டன. மற்றதற்கெல்லாம் ஊரில் எது சும்மா கிடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் கணினி வைத்திருப்பவனை எல்லாவற்றுக்கும் மெக்கானிக் என்று நினைப்பார்கள். மிக்ஸி வரும், செட்டாப் பெட்டி வரும், வயல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் வரும். ஒரு முறை கேஸ் லைட்டர்கூட வந்தது. கூலி கிடையாது. மோர் கிடைக்கும். அதனால் எந்தக் கதவும் எனக்குத் திறந்துதான் இருந்தது.

வாசகசாலைக் கணினியில் பதினாறு ஜிபி ராம் இருந்தது. அதில் நடக்கும் ஒரே வேலை, செயலாளர் மாதம் ஒரு நோட்டீஸ் அடிப்பது. அதை எடுத்துக்கொண்டு என் எட்டு ஜிபியை அங்கே வைத்தேன். இப்போது அது திறக்க ஏழு நிமிடம் பிடிக்கிறது. செயலாளர் அதுவரை பேப்பர் படிக்கிறார். வாசகசாலை எதற்கு இருக்கிறதோ அது இப்போதுதான் அங்கே நடக்கிறது.

பால் சங்கத்தின் கேமராப் பெட்டியில் பெரிய ஹார்டு டிஸ்க் இருந்தது. அதற்குப் பதில் என் சின்ன டிஸ்க்கை வைத்தேன். முன்பு அந்தக் கேமரா ஒரு மாதத்தை ஞாபகம் வைத்திருந்தது, இப்போது ஒரு வாரம். தண்ணீர் கலப்பவர்கள் தினமும் கலப்பதால் ஒரு வாரம் தாராளம்.

இரண்டு இடத்திலும் எடுத்த இடத்தில் என்னுடையதை வைத்தேன் என்பதைக் கவனிக்க வேண்டும். இடத்தைக் காலியாக விட்டால்தான் திருட்டு.

ஹெட்செட்டை மட்டும் மாற்ற முடியவில்லை. அதன் இடது காது போன வருடமே செத்துவிட்டது. ஊரில் யாரிடமும் நல்ல ஹெட்செட் இல்லை. வலது காதில் எதிரியின் காலடி கேட்கும். இடது காதில் அம்மா சாப்பிடக் கூப்பிடுவது கேட்கும். ஒரு விதத்தில் அதுவும் வசதிதான் என்று விட்டுவிட்டேன்.

இப்போது சரஸ்வதியத்தை.

அவர் அரிசி மில்லில் முப்பது வருடம் வேலை செய்தவர். உமித்தூசி உள்ளே போய்ப் போய் நுரையீரல் இறுகிவிட்டது. போன ஆகஸ்டில், தீராத நோயாளிகளை வீட்டுக்கே வந்து கவனிக்கும் பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் பிரிவிலிருந்து ஆக்சிஜன் மெஷின் கொண்டுவந்தார்கள். குளிர்பெட்டியில் பாதி உயரம் இருக்கும். கரண்டில் ஓடும். அறையில் இருக்கிற காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். இந்த மெஷின்கள் யாருக்கும் சொந்தமில்லை. ஒரு வீட்டில் ஆள் போனதும் துடைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள், பட்டியலில் அடுத்த வீட்டுக்குப் போகும். அதனால் மெஷின் வரும்போது யாரும் அது எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை. அத்தை கேட்டார்.

"இது ஆரு ஊட்டுல இருந்து வருதுங்க?"

வீடு வீடாக வரும் நர்ஸ் ஜோமோள் சேச்சி, "அதொண்ணும் கேக்கண்டா அம்மே. நல்லா துடைச்சாச்சு," என்றார்.

"தொடச்சது செரிங்க. அவிங்க எத்தன மாசம் வெச்சிருந்தாங்க?"

சேச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எட்டு மாசம்."

"அப்ப நான் ஒம்பது மாசம் வெச்சுக்கறனுங்க. தோத்துப் போகக் கூடாதில்லீங்க."

மெஷின் நின்றால் பத்து நிமிடம்கூடத் தாங்க மாட்டார் என்று சேச்சி மாமாவிடம் தனியாகச் சொன்னார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அதனால் வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்கள் வார்டுக்காரர் ஒருவர் தன் அப்பா நினைவாக ஒரு இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும் வாங்கிக் கொடுத்தார். பேட்டரி மேல் ஒட்ட ஒரு ஸ்டிக்கரும் அனுப்பியிருந்தார். 'அமரர் ஏசுரத்தினம் நினைவாக' என்ற எழுத்தும், மீசை வைத்த ஒரு பெரியவரின் படமும். ஜோமோள் சேச்சி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அவசரமாக ஒட்டினார். கோணலாகப் போய்விட்டது. ஏசுரத்தினம் ஐயா பக்கத்தில் இருப்பவரின் தட்டை எட்டிப் பார்ப்பது போல இருந்தார்.

இன்னொரு ஏற்பாடும் செய்தார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற அகலத்துக்கு ஒரு சந்து. அத்தையின் ஜன்னலும் என் அறை ஜன்னலும் எதிரெதிரே. மாமா தோப்புக்குப் போயிருக்கும்போது ஏதாவது வேண்டுமென்றால், அத்தை எவர்சில்வர் டம்ளரால் ஜன்னல் கம்பியில் தட்ட வேண்டும். நான் போக வேண்டும். அவருக்குக் குரல் எழும்பாது. ஏழு மாதத்தில் நான்கு முறை தட்டினார். நான்கு முறையும் போனேன். ஒரு முறை டிவி ரிமோட் கட்டிலுக்கு அடியில் விழுந்திருந்தது.

பக்கத்து வீட்டில் நான்கு மணி நேரம் நிற்கிற பேட்டரி. என் வீட்டிலிருந்த பேட்டரி கணினியோடு சேர்த்தால் ஐந்து நிமிடம். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நிறம். எங்கள் பக்கம் எல்லோரும் சித்தூரில் ஒரே கடையில்தான் வாங்குவோம். அத்தை வீட்டில் கரண்ட் போவது மாதத்துக்கு மூன்று தடவை, பத்துப் பத்து நிமிடம். மீதி நேரமெல்லாம் அந்த பேட்டரி சும்மா கிடந்தது. நான் செய்த வேலையில் இப்படி ஒரு பில் வந்தால் எந்தப் பட்டனை அழுத்துவேன் என்று உங்களுக்குத் தெரியும்.

எனக்கு அவசியம் இருந்தது. எங்கள் அணியில் ஐந்து பேர். யாரையும் நேரில் பார்த்ததில்லை. டின்டு என்பவன்தான் தலைவன், தேவிகுளத்தில் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் இருப்பவன். போன வருடப் போட்டியில் பாதி ஆட்டத்தில் எனக்குக் கரண்ட் போய்விட்டது. நால்வராக ஆடித் தோற்றார்கள். இந்த ஏப்ரலில் மறுபடி போட்டி. முதல் நாளே டின்டு சொல்லிவிட்டான்.

"ஏலே, இந்த வாட்டியும் பாதில ஓடுனன்னா அப்புறம் ஒனக்கு இங்க எடம் கெடையாது. மழையாம், கரண்டாம், கதையெல்லாம் கேக்க மாட்டேன் பாத்துக்க."

அங்கேயும் நான் அரைக்கிணறுதான். பெயர்தான் இன்னும் வைக்கவில்லை.

மார்ச் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காளிச்சாமி மாமாவிடம் சொன்னேன். புது பேட்டரியை அரை வருடத்துக்கு ஒரு முறை வேறு இன்வெர்ட்டரில் வைத்து மெதுவாக சார்ஜ் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஆயுள் குறையும் என்று. அப்படி ஒன்றும் கிடையாது. ஒரு நாள் என் வீட்டில் இருக்கட்டும், அதுவரை என் பழையது இங்கே இருக்கட்டும் என்றேன்.

"ஒரு நாளைக்கு அது தாங்குமாக்கு?"

"தாங்கும் மாமா."

"நீ சொன்னாச் செரி. எனக்கென்ன தெரியுது, கரண்டுன்னா தொட்டா அடிக்கும், அது மட்டும் தெரியும். இரு, இரு, ஒத்தையில தூக்காதே, இடுப்புப் புடிச்சுக்கும். நானும் ஒரு கை புடிக்கறேன்."

ஐம்பத்தைந்து கிலோ. மாமாவுக்கு வயது அறுபத்தெட்டு. இரண்டு பேரும் சந்து வழியாகத் தூக்கி வந்தோம். நடுவில் ஒரு முறை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். "இத்தன கனமும் அவ ஒருத்தி மூச்சு இழுக்கறதுக்குத்தான் பாரு," என்றார். திரும்பும்போது என் பழைய பேட்டரியைத் தூக்கிப் போனோம். அத்தை கட்டிலில் இருந்தபடியே எனக்கு மோர் கொடுக்கச் சொன்னார். ஒரு டம்ளர் குடித்தேன். அவர் கம்பியில் தட்டுகிற டம்ளர்தான்.

மறுநாள் மாமா தோப்புக்குப் போனதும் வேலையை முடித்தேன். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் பிடித்தால் பசை இளகும். ஓரம் கிழியாமல் உரித்தேன். ஐம்பத்தைந்து கிலோவைத் திருப்பிக் கொண்டுபோவதற்குப் பதிலாக ஒரு ஸ்டிக்கரைக் கொண்டுபோனேன். அத்தையின் கால்மாட்டில் இருந்த என் பழைய பேட்டரியைத் துடைத்து, அதன் மேல் ஒரு குமிழிகூட இல்லாமல் ஒட்டினேன். ஒட்டி முடித்து நிமிர்ந்தபோது அத்தை கண் விழித்திருந்தார்.

"கொண்டாந்து வெச்சுட்டியா சாமி?"

"வெச்சுட்டேன் அத்தை."

எட்டிப் பார்த்தார். "ஏசுரத்தினம் ஐயா இன்னிக்கு நிமுந்து உக்காந்திருக்காரு."

"சார்ஜ் ஏறிருச்சுல்ல அத்தை."

சிரித்தார். சிரித்தால் இருமல் வரும். வந்தது. தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். மாமா கேட்டபோது, அப்பாவும் நானுமாகத் தூக்கி வைத்தோம் என்றேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை ஜோமோள் சேச்சி வந்தார். மெஷினுக்குத் துணையாக அந்த வீட்டில் ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டரும் வைத்திருந்தார்கள். கரண்டும் போய் பேட்டரியும் போனால் அதைத் திறக்கலாம். சேச்சி என்னை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

"கௌசிக் மோனே, கரண்ட் போனா இது எத்தன நேரம் நிக்கும்? சத்யம் சொல்லணும் கேட்டோ. நல்லா நிக்கும்னா இந்த சிலிண்டர நான் கொண்டுபோகும். கொழிஞ்சாம்பாறையில ஒரு வீட்டில இன்வெர்ட்டரே இல்ல, பாவங்க."

"நாலு மணி நேரம் நிக்கும் சேச்சி."

"உறப்பா?"

"நீங்க கொண்டுபோங்க."

வேறு என்ன சொல்ல முடியும்? பேட்டரியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஊருக்கே தெரியும். சந்தேகமாகச் சொன்னால் சோதித்துப் பார்த்திருப்பார். அந்த சிலிண்டர் கொழிஞ்சாம்பாறையில் இன்னும் ஒருவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதற்கு யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி ஆறு நிமிடம் கரண்ட் போனது. சாயங்காலம் மாமா சந்துக்கு வந்து நின்றார்.

"கண்ணு, அஞ்சு நிமிசத்துலயே கீ கீன்னு கத்துது. மொத எல்லாம் இப்படிக் கத்தாதே?"

"பேட்டரித் தண்ணி கொறஞ்சிருக்கும் மாமா. கொழிஞ்சாம்பாறையில ரெண்டு கேன் வாங்கிட்டு வாங்க, ஊத்திடலாம்."

"காலைல தென்னைக்குத் தண்ணி உடோணும். மத்தியானமாப் போயிட்டு வாரேன்."

அவரை நான் அனுப்பினேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். மத்தியானம் என்ற நேரத்தைச் சொன்னது அவர்.

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி முடிந்ததும் பேட்டரியைத் திருப்பி வைத்துவிடுவதாக இருந்தேன். உண்மையாகவே. என் அறைக் காலண்டரில் அந்தத் தேதியில் வட்டம் போட்டிருக்கிறது, போய்ப் பார்க்கலாம். வட்டம் போட்டது போட்டிக்காகத்தான். இரண்டுக்கும் அதையே வைத்துக்கொண்டேன்.

பதினாறாம் தேதி, புதன்கிழமை. மூன்று மணிக்கு அரையிறுதி. அம்மா தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார், அப்பா சித்தூரில். மாமா இரண்டு மணி பஸ்ஸில் கொழிஞ்சாம்பாறைக்குப் போய்விட்டார். மூன்றே காலுக்குக் கோடை மழை பிடித்தது. மூன்று இருபத்தாறுக்குக் கரண்ட் போனது.

என் மானிட்டர் கண்கூடச் சிமிட்டவில்லை. அந்த நொடி எனக்கு இருந்த பெருமையை மறைக்க விரும்பவில்லை. டின்டு கேட்டான், "ஏலே, இங்க இடி விழுது. ஒனக்குக் கரண்டு இருக்கா?" "இருக்கு," என்றேன். மூன்று நாற்பத்தேழுக்கு ஆட்டம் முடிந்தது. ஜெயித்தோம். இருபத்தொரு நிமிடமும் ஒரு பிரேம்கூடக் குறையவில்லை. பதினெட்டாயிரத்தில் இப்படி ஒரு கணினி இந்த மாவட்டத்தில் வேறு யாரிடமும் இருக்காது.

அதன் பிறகு அத்தை வீட்டுக்குப் போனேன். குழாய் மூக்கில் சரியாகத்தான் இருந்தது. மெஷின் நின்றிருந்தது. டம்ளர் ஜன்னலுக்குக் கீழே உருண்டு கிடந்தது. எடுத்து மேஜை மேல் வைத்தேன். பிறகு எதிர்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டேன். ஏழு மாதம் மூன்று வாரம். முந்தைய வீட்டுக்காரர்களிடம் ஒரு வாரத்தில் தோற்றுவிட்டார்.

மழையில் ஹெட்செட் போட்டிருந்தேன், எதுவும் கேட்கவில்லை என்று உங்களிடம் முதல் நாள் சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மாமா நனைந்துகொண்டு வந்தார். இரண்டு கையிலும் தண்ணீர்க் கேன். கூட்டத்தைப் பார்த்தும் கேனைக் கீழே வைக்கவில்லை. யாரோ வாங்கி வைத்தார்கள். சொந்தக்காரர்கள் திருப்பூரிலிருந்து வர வேண்டும் என்பதால் உடலை வைக்க ஐஸ் பெட்டி எடுத்தோம். நான்தான் போன் செய்து வரவழைத்தேன். ஏழு மணிக்கு மறுபடி கரண்ட் போனது. பெட்டி நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து சந்து வழியாக வயர் இழுத்துக் கொடுத்தேன். இரண்டரை மணி நேரம் ஓடியது. "பையன் இருந்ததுனால ஆச்சு," என்று பந்தலில் பேசிக்கொண்டார்கள். அந்த பேட்டரி அன்றைக்கு அத்தைக்குத்தான் வேலை செய்தது என்று பார்த்தால், அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டியில் தோற்றோம். பேட்டரியைத் திருப்பி வைக்கவில்லை. அங்கே அதற்கு இனி வேலை இல்லை.

பத்தாம் நாள் ஜோமோள் சேச்சி மெஷினைத் திருப்பி எடுக்க வந்தார். பட்டியலில் அடுத்த வீடு காத்திருந்தது. மாமா மெஷினைத் துடைத்து வைத்திருந்தார். குழாயைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். சேச்சி குனிந்து பேட்டரியைப் பார்த்தவர் நிமிரவில்லை.

"இது நான் ஒட்டினதல்ல."

யாருக்கும் புரியவில்லை.

"நான் ஒட்டினது சரிஞ்சு இருந்தது. எனக்கு எப்பவும் மனசுல ஒரு சங்கடம் உண்டு, ஒரு பெரியவர் போட்டோவ இப்படி ஒட்டினோமேன்னு. இது நேரா இருக்கு." பிறகு என்னைப் பார்த்தார். "அன்னைக்கு உன் வீட்டு பேட்டரி ரெண்டர மணிக்கூர் நின்னது அல்லே மோனே? ஆறு வருஷப் பழசுன்னு நீதானே சொல்லுவ."

எனக்கு முன்னால் மாமா பேசிவிட்டார். "அந்தப் பையன ஒண்ணுஞ் சொல்லாதீங்கம்மா. இதுக்கு அவன் என்ன பாடுபட்டான்னு எனக்குத் தெரியும். அவன் ஊட்டுல சார்ஜு ஏத்தோணும்னு ரெண்டு பேருந்தான தூக்கிட்டுப் போனோம். நானும் ஒரு கை புடிச்சனே."

சொல்லி முடித்த பிறகு தன் வலது கையைப் பார்த்தார். என்னை அடிக்கவில்லை. அந்தக் கையை வேட்டியில் துடைத்தார்.

நான் செய்த தவறு எது என்று யோசித்துப் பார்த்தேன். கோணலாக இருந்ததைக் கோணலாகவே ஒட்டியிருக்க வேண்டும். எந்த வேலையையும் சுத்தமாகச் செய்கிற பழக்கம், அதுதான் மாட்டிவிட்டது.

இனி ஹெட்செட். அதையும் சாட்சிப் பொருளாக எடுத்து வைத்திருக்கிறீர்கள். என்றைக்காவது யாராவது அதைப் போட்டுப் பார்ப்பார்கள். இடது காதில் எதுவும் வராது. என் மேஜையில் உட்கார்ந்தால் ஜன்னல் இடது பக்கம். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

கேட்டது. கரண்ட் போன நான்காம் நிமிடம் அவர்கள் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. அது நின்றதும் மெஷினின் அலாரம், ஒரே நீளமான சத்தம். அதற்கு மேல் டம்ளர். முதல் ஐந்து பலமாக, அடுத்தடுத்து. பிறகு இடைவெளி விட்டு நான்கு. பிறகு ரொம்ப நேரம் கழித்து இரண்டு. மொத்தம் பதினொன்று. மழைச் சத்தத்திலும் எண்ண முடிந்தது.

சந்தைத் தாண்ட நாலு எட்டுதான். ஐஸ் பெட்டிக்கு இழுத்த அதே வயரை அப்போது இழுத்திருந்தால் போதும். மெஷின் ஓடியிருக்கும். ஆனால் நான் எழுந்து போக வேண்டியிருக்கும். ஆட்டத்தின் நடுவில் ஒருவன் எழுந்து போனால் மற்ற நால்வர் கதி என்ன? என்னை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். நம்பியவர்களைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற ஆள் என்று இத்தனை நாள் ஊரே என்னைச் சொன்னது. அன்றைக்கு நான் அப்படிச் செய்யவில்லை. இடது பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. மாமாவிடம் யாராவது இதை எடுத்துச் சொல்ல வேண்டும். இனிமேல் அவர் என்னை அரைக்கிணறு என்று கூப்பிட முடியாது. என் வாழ்க்கையில் பாதியில் விடாமல் முழுசாக முடித்த முதல் காரியம் அது.